நேற்று நிழல் எந்தப் பக்கம்

பதினொன்றாம் வகுப்பில் முக்கோணவியல் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் படிக்க வரும் ஐந்தாறு பிள்ளைகளில் ஒரு பெண், பள்ளியில் திருத்திக் கொடுத்த தேர்வுத் தாளை என் முன் விரித்தாள். சைன் தீட்டா 3/5. தீட்டா இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. மற்ற ஐந்து விகிதங்களையும் காண்க. அவள் காஸ் தீட்டா 4/5 என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு சுழி. அது பிழைத்ததால் அதைப் பிடித்துக்கொண்டு வந்த டேன், சீகென்ட், காட் மூன்றும் பிழைத்துவிட்டன. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று கிடைத்திருந்தது.

"நான் கண்டுபிடிச்சதும் சரிதானே சார்? 4/5ஐ வர்க்கப்படுத்தினா 16/25. அதோட 9/25ஐக் கூட்டினா ஒண்ணு. முற்றொருமை சரியா வருது. அப்புறம் எப்படி இது தப்பாகும்?"

வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது: ஆல் சில்வர் டீ கப்ஸ். தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன் கணக்குப் படித்தவர்கள் பலருக்கும் இந்த வெள்ளிக் கோப்பைகள் நினைவிருக்கும். முதல் கால்பகுதியில் எல்லாம் மிகை. இரண்டாவதில் சைன், மூன்றாவதில் டேன், நான்காவதில் காஸ். சில பள்ளிகளில் இதையே காப்பிக்குச் சர்க்கரை போடச் சொல்லும் வாசகமாக்கி வைத்திருப்பார்கள். அதைச் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அந்தக் கோப்பைகளுக்கு அடியில் கிடக்கும் கேள்வி. எண்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன, ஆனாலும் விடை தவறு. இது எப்படி நேர்கிறது?

சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கரும்பலகையில் இரண்டு அச்சுகளை வரைந்தேன். "நடுவுல நில்லும்மா. இடது பக்கமா நாலு அடி நட. அங்கேருந்து மேல மூணு அடி ஏறு. இப்ப நடுவுலேருந்து எவ்வளவு தூரத்துல இருக்கே?"

"அஞ்சு."

"மைனஸ் அஞ்சுன்னு ஏன் சொல்லல?"

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். "தூரத்துக்கு ஏது சார் மைனஸ்?"

அந்தப் பதிலுக்காக அவளுக்கு நானே நான்கு மதிப்பெண் போட்டிருப்பேன். இடம் வலம், மேல் கீழ் என்பவற்றுக்குக் குறி உண்டு. கர்ணத்துக்குக் கிடையாது. எந்தக் கால்பகுதியில் போய் நின்றாலும் ஆதிப்புள்ளியிலிருந்து நிற்கும் இடத்துக்கு உள்ள தூரம் தூரம்தான். மேலே ஏறிய மூன்று மிகை, இடப்பக்கம் நடந்த நான்கு குறை, தூரம் ஐந்து. ஆகவே சைன் 3/5, காஸ் −4/5, டேன் −3/4. தலைகீழாக்கினால் கொசீகென்ட் 5/3, சீகென்ட் −5/4, காட் −4/3. கணக்கு முடிந்தது.

இதே கணக்கை இரண்டு வழியில் சொல்லிக் கொடுக்கிறோம். முற்றொருமையில் போட்டு வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் கோப்பை வாசகத்தை நினைவுபடுத்திக் குறியை ஒட்டவைப்பது ஒரு வழி. புள்ளியை முதலிலேயே அதன் கால்பகுதியில் நிறுத்தி, அங்கிருந்து முக்கோணத்தைக் கட்டுவது இன்னொரு வழி. இரண்டும் ஒரே விடையைத் தரும், தேர்வில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். எனக்கு இரண்டாவதுதான் மேலானதாகப் படுகிறது. முதல் வழி திசையை முதலில் அழித்துவிட்டுப் பிறகு ஞாபகத்திலிருந்து தேடி எடுக்கிறது. இரண்டாவது வழி திசையைக் கைவிடுவதே இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது செங்கோண முக்கோணத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஒரு விகிதம் தெரிந்தால் அதன் உருவம் முழுவதும் தெரிந்துவிடும். மூன்றுக்கு ஐந்து என்றால் நான்கு தானே வந்து நிற்கும். முக்கோணம் பெரிதா சிறிதா என்பதுகூடத் தேவையில்லை. இவ்வளவு கொஞ்சம் கொடுத்து இவ்வளவு நிறையப் பெறுவது கணிதத்திலேயே அபூர்வம். அந்த அபூர்வத்தில் மயங்கித்தான் நாம் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறோம்: சோறு பதத்தைச் சொல்லும், பானை எந்த அடுப்பில் இருக்கிறது என்று சொல்லாது.

இன்னும் சரியாகச் சொல்வதானால், விகிதம் இருப்பிடத்தைப் பற்றிப் பாதி சொல்லும். சைன் 3/5 என்ற உடனே மூன்றாம், நான்காம் கால்பகுதிகள் விலகிவிடுகின்றன. அங்கே சைன் மிகையாக இருக்க முடியாது. நான்கில் இரண்டை விகிதமே தள்ளிவிட்டது. மீதி இரண்டில் எது என்று கேட்டால் அதற்கு வாய் எழாது. ஒரே ஓர் ஆமா இல்லையா பாக்கி நிற்கிறது, அதை வெளியிலிருந்து யாராவது வந்து சொல்ல வேண்டும். கேள்வித்தாளில் 'தீட்டா இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது' என்று வரும் வரி அந்த வெளியாள். பிள்ளைகள் அதைக் கேள்வியின் வால் என்று நினைத்து வாசிக்காமல் தாண்டுகிறார்கள். எனக்கு அது சாட்சி சொல்ல வந்தவரின் வாக்குமூலமாகத் தெரிகிறது.

வர்க்கம் என்ன செய்கிறது என்று பாஸ்கரர் தெளிவாகவே எழுதிவைத்தார். 1150இல் சித்தாந்த சிரோமணியை முடித்தவர் அவர். அவருடைய பீஜகணிதத்தில் மிகையின் வர்க்கமும் மிகை, குறையின் வர்க்கமும் மிகை, ஆகவே மிகை எண்ணின் வர்க்கமூலம் இரண்டு என்ற விதி இருக்கிறது. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனென்றால் அது எதற்கும் வர்க்கம் அல்ல என்கிறார். அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே, 628இல், பிரம்மகுப்தர் மிகையைச் செல்வம் என்றும் குறையைக் கடன் என்றும் பெயரிட்டு அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதி செய்துவிட்டார். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம். கைக்கு வந்த செல்வத்தைப் பார்த்து அது எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாது. வர்க்கமூலத்துக்கு முன்னால் நாம் போடும் ± என்ற குறி அந்த இயலாமையின் நேர்மையான ஒப்புதல். கணக்கு அதுவரை வந்து, இதற்குமேல் எனக்குத் தெரியாது, நீ எங்கே நிற்கிறாய் என்று நம்மைக் கேட்கிறது.

இந்தக் கேள்வியை நான் முதலில் சந்தித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை.

எங்கள் தாத்தா கைக்கடிகாரம் கட்டியதில்லை. நேரம் பார்க்கத் தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, விரல்களை அடுக்கி அடுக்கிப் பதினாறு விரற்கடை அளந்து கிள்ளுவார். அதை முழங்கை மடிப்பதுபோல் நேராக மடித்து வெயிலில் வைப்பார். ஒரு பாதி தரையில் கிடக்கும், மறு பாதி நிற்கும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை முன்னும் பின்னும் தள்ளுவார். தொட்டதும் நிற்பதை விரற்கடையால் அளப்பார். எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலரும் அறிந்திருந்த துரும்புக் கணக்கு இது.

நாழிகை 24 நிமிடம். எட்டு நின்று எட்டு கிடந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறான், உதயமாகி எட்டு நாழிகை ஆகியிருக்கிறது என்று ஈர்க்கு சொல்லும். அதாவது 3 மணி 12 நிமிடம். ஆறு மணிக்கு உதயமென்றால் 9.12. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் காவிரிப் படுகையில் அந்த நேரத்துக்குச் சூரியன் உண்மையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 47 பாகை வந்தது. உச்சிக்குப் பக்கத்தில் போகப் போகத் துரும்பு தடுமாறும். காலையிலும் மாலையிலும் அது காட்டும் நேரம் வயல் வேலைக்குப் போதும். நிற்பதைக் கிடப்பதால் வகுத்தால் கிடைப்பது டேன். தாத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, அந்த விகிதம் தெரியும்.

எட்டு என்ற அதே அளவு பிற்பகலிலும் ஒருமுறை வரும். அப்போது அது அஸ்தமனத்துக்கு இருக்கிற நாழிகை. ஆறு மணிக்கு அடைகிற நாளில் 2.48. காலையில் 'ஆன நாழிகை', மாலையில் 'இருக்கிற நாழிகை'. ஈர்க்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு ஏழெட்டு வயது. கோடை விடுமுறையில் ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் சாய்ந்து, கூடத்தில் வெளிச்சம் மஞ்சளாக நீண்டு கிடந்தது. எழுந்து நேரே கொல்லைக்குப் போய்ப் பல்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு பல் விளக்கத் தொடங்கினேன். விடுமுறை என்பதே மறந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று மனசுக்குள் ஒரு பதைப்பு வேறு. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளைக்கு உலகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் போகும் அந்தச் சில நிமிடங்களை அறியாத தமிழ் வீடு இருக்காது. தாத்தா அதட்டவில்லை. ஈர்க்கை என் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னார். அளந்தேன். ஐந்து நின்றது, பதினொன்று கிடந்தது.

"விடிஞ்சு அஞ்சு நாழியாயிருச்சு தாத்தா."

"அஞ்சு சரிதான்டா. ஆனதா, இருக்கிறதா? அதை ஈர்க்கு சொல்லாது. வாசல்ல போய்க் கோலத்தைப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். காலையில் அப்பாயி போட்ட புள்ளிக் கோலம் நடுவில் மிதிபட்டிருந்தது. ஓரத்துச் சுழிகளில் மாவை எறும்பு தின்று தீர்த்திருந்தது. குறுக்கே ஒரு சைக்கிள் சக்கரத்தின் தடம். பல்பொடி வாயோடு அந்தக் கோலத்தின் முன் நின்றபோது, மஞ்சள் வெளிச்சம் அப்படியே இருக்க, உலகம் மெல்லத் திரும்பிச் சாயங்காலமானதை நான் உணர்ந்தேன். அளவு எதுவும் மாறவில்லை. ஐந்து ஐந்தாகவே இருந்தது.

நிழல் விழுந்த திசையும் இதைச் சொல்லியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் எனக்குத் திசையே குழம்பியிருந்தது, அதனால் கோலம் வேண்டியிருந்தது. காலையில் மேற்கே நீளும் நிழல் மாலையில் கிழக்கே நீள்கிறது, நீளம் ஒன்றே. இந்தச் சமத்தன்மையை நம் முன்னோர் குழப்பமாக மட்டும் பார்க்கவில்லை, கருவியாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். சங்கு என்ற நேர்க்கம்பை நட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். காத்தியாயனரின் சுல்ப சூத்திரம் தொடங்கி மனை கோலும் நூல்கள் வரை இந்த முறை வருகிறது. நெடுநல்வாடையில் அரண்மனை எழுப்ப நூல் பிடிப்பவர்கள் இரண்டு கோல்களை நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலுக்காகக் காத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமும் சாயாத கணம்தான் இரண்டு விடைகளும் ஒன்றாகும் கணம்.

ஒரு நாளுக்கு நடப்பது ஓர் ஆண்டுக்கும் நடக்கிறது. அந்த ஆண்டுக் கணக்குதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

சூரிய சித்தாந்தத்தின் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரிப்பிரச்சினம் என்று பெயர். மூன்று கேள்விகள்: திக்கு, தேசம், காலம். நண்பகல் நிழலை அளந்து சூரியன் தன் ஆண்டுப் பாதையில் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கும் வழி அங்கே சொல்லப்படுகிறது. பன்னிரண்டு அங்குலச் சங்கின் நிழல் நீளத்திலிருந்து சூரியன் உச்சியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறான் என்று தெரியும். ஊரின் அட்சரேகை தெரிந்தால், நடுவரையிலிருந்து அவன் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறான் என்று கிடைக்கும். பஞ்சாங்கக்காரர்கள் இதைக் கிராந்தி என்பார்கள். கிராந்தியின் சைனை, மிகப் பெரிய கிராந்தியின் சைனால் வகுத்தால் சூரியனின் பாதைக்கோணத்துக்கு உரிய சைன் வந்துவிடும். மிகப் பெரிய கிராந்தியை அவர்கள் 24 பாகை என்று எடுத்துக்கொண்டார்கள், இன்று அது 23.44.

இங்கே நிற்கவேண்டும். சைன் கிடைத்துவிட்டது, கோணம் கிடைக்கவில்லை. 499இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் சைன் அட்டவணைக்கு இருபத்து நான்கு மதிப்புகள், 3 பாகை 45 கலைக்கு ஒன்று (பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை). அது 90 பாகையோடு நின்றுவிடுகிறது. நாங்கள் படித்த காலத்து லாக் டேபிள் புத்தகத்தின் சைன் பக்கமும் 90 பாகையோடு நின்றதுதான். அட்டவணையில் தேடி எடுக்கும் கோணம் எப்போதும் முதல் கால்பகுதிக் கோணம். மீதியைச் சூரிய சித்தாந்தம் விதியாகத் தருகிறது: மேஷம் முதலான கால்பகுதியில் அந்தக் கோணமே விடை. கடகம் முதலான கால்பகுதியில் அரைவட்டத்திலிருந்து அதைக் கழி. துலாம் முதலானதில் அரைவட்டத்தோடு கூட்டு. மகரம் முதலானதில் முழு வட்டத்திலிருந்து கழி. நம் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் 180 − தீட்டா, 180 + தீட்டா, 360 − தீட்டா என்று எழுதுவது இதைத்தான். அந்த நான்கு கால்பகுதிகளும் வெறும் கோடுகளாக இல்லாமல் மாதங்களாக இருந்தன என்பதுதான் வித்தியாசம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். அட்சரேகை 13 பாகை 5 கலை. நண்பகலில் நட்ட கம்புக்கு நிழலே இல்லை என்றால் சூரியனின் கிராந்தியும் அதே 13 பாகை 5 கலை, வடக்கு. வகுத்துப் பார்த்தால் பாதைக்கோணத்தின் சைன் 0.57. இந்த ஒரு விகிதத்துக்கு இரண்டு கோணங்கள்: ஏறத்தாழ 35 பாகையும் 145 பாகையும். நாட்காட்டியில் இவை ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி விழும். ஒன்று சித்திரை வெயில், மற்றது ஆவணித் தொடக்கம். சைன் இரண்டுக்கும் ஒன்றே. காஸ் மட்டும் ஏப்ரலில் +0.82, ஆகஸ்டில் −0.82.

அந்தக் குறிக்கு வானத்தில் ஒரு பொருள் இருக்கிறது. பாதைக்கோணத்தின் சைன் மிகையாக இருந்தால் சூரியன் நடுவரைக்கு வடக்கே இருக்கிறான், குறையாக இருந்தால் தெற்கே. காஸ் மிகையாக இருந்தால் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான், குறையாக இருந்தால் தெற்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறான். சைனின் குறி எங்கே என்று சொல்கிறது, காஸின் குறி எங்கே போகிறான் என்று சொல்கிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று நாம் பேர் வைத்திருப்பது காஸின் இரண்டு குறிகளுக்குத்தான். மார்ச் 21ஐ ஒட்டித் தொடங்கும் மூன்று மாதம் இரண்டும் மிகை. ஜூன் 21க்குப் பின் சைன் மட்டும் மிகை. செப்டம்பர் 23க்குப் பின் இரண்டும் குறை, ஆகவே டேன் மிகை. டிசம்பர் 22க்குப் பின் காஸ் மட்டும் மிகை. வெள்ளிக் கோப்பைகள் நான்கும் ஆண்டின் நான்கு பருவங்களாகிவிட்டன. (நம் பஞ்சாங்கம் ராசிகளை விண்மீன்களிலிருந்து அளப்பதால் அதன் சித்திரை முதல் தேதியும் தை முதல் தேதியும் இந்தத் திருப்பங்களுக்குச் சுமார் மூன்றரை வாரம் பின்தங்கி வருகின்றன. இங்கே நான் சொல்லும் கால்பகுதிகள் சமஇரவு நாளிலிருந்து எண்ணியவை.)

நிழலை மட்டும் பார்த்து ஏப்ரலா ஆகஸ்டா என்று எப்படிச் சொல்வது? மாமரத்தைப் பார்க்கலாம், காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கலாம். பாஸ்கரர் தம் கோளாத்தியாயத்தில் பருவங்களை வருணிக்கவென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். கணித நூலில் எதற்கு வசந்தமும் மழையும் என்று இளவயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அது அங்கே இருப்பது எனக்கு இயல்பாகப் படுகிறது. விகிதம் சொல்லாமல் விட்டதைப் பூவும் மழையும் சொல்லும்.

பூவும் மழையும் இல்லாமல் நிழலே சொல்ல வேண்டுமென்றால் ஒரு நாள் பொறுக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் 24க்கு முன்பு நண்பகல் நிழல் வடக்கே விழுந்துகொண்டிருக்கும். அதற்குப் பிறகு தெற்கே விழத் தொடங்கும். ஆகஸ்டில் இது தலைகீழ். நிழலற்ற அந்த நண்பகலில் நின்றுகொண்டு, நேற்று எந்தப் பக்கம் விழுந்தது என்பது தெரிந்தால் போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜூன் 21இல் சைன் தன் உச்சத்தில் நிற்கிறது, காஸ் சுழியம். இரண்டு விடைகளும் ஒன்றாகிவிடுகின்றன, குறியைப் பற்றிய கேள்வியே இல்லை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குறி உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம். சமஇரவு நாளை ஒட்டிச் சூரியன் ஒரு நாளைக்கு 24 கலை நகர்கிறான். திருப்பத்தை ஒட்டி அந்த நகர்வு ஒரு கலைக்கும் கீழே போய்விடும். நேற்றைய நிழலும் இன்றைய நிழலும் ஒரே கோட்டில் விழும், கண்ணால் பிரிக்க முடியாது. திரும்பிவிட்டான் என்று தெரியச் சில நாள் ஆகும். வாழ்வில் திரும்பும் இடங்களில் நின்ற ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த ஜூன் மாத நிழல் நினைவுக்கு வந்திருக்கிறது.

சைன் என்ற சொல்லே கால்பகுதி தெரியாமல் போன ஒரு சொல். வில்லின் நாணுக்கு வடமொழியில் ஜ்யா, ஜீவா. அரபியில் அதை ஜீபா என்று ஒலிபெயர்த்து, அந்த மொழியின் வழக்கப்படி குறில் உயிர்களைக் குறிக்காமல் எழுதினார்கள். அதே எழுத்துகளை ஜைப் என்றும் வாசிக்கலாம், அதற்கு மடிப்பு, மார்பு, குடா என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் அப்படித்தான் வாசித்தார்கள், சைனஸ் என்று மொழிபெயர்த்தார்கள். எழுத்து சரி, உயிர் பிழைத்துவிட்டது. நம் ஓலைச்சுவடிகளும் இதே சோதனையை வைத்தவைதாம். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்க்குப் புள்ளி இல்லை, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் பார்த்துக் குறி போட வேண்டியிருந்தது. சுவடி எழுத்தைத் தரும். அது எந்தத் திணையில், யார் வாய்மொழியாக வருகிறது என்பதை அறிந்தவருக்கே சொல் கிடைக்கும். பாட்டை அறியாதவர் சுவடி படிக்க முடியாமல் போனது கண்பார்வைக் குறைவால் அல்ல.

கணினிக்கும் இதே சிக்கல் வந்தது. 3ஐ 4ஆல் வகுத்தாலும், −3ஐ −4ஆல் வகுத்தாலும் 0.75. வகுத்த பிறகு எந்த மூலையிலிருந்து வந்தாய் என்று அந்த எண்ணைக் கேட்டுப் பயனில்லை. அதனால் 1960களின் ஃபோர்ட்ரான் மொழியிலேயே ஏடான் என்ற சார்புக்குப் பக்கத்தில் ஏடான்2 என்று இன்னொன்று சேர்க்கப்பட்டது. அது விகிதத்தை வாங்காது, மேலே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் அவற்றின் குறிகளோடு தனித்தனியாக வாங்கிக்கொள்ளும். வகுத்துவிட்டுத் தேடாதே, வகுப்பதற்கு முன்பே நின்ற இடத்தைச் சொல் என்பது அதன் நிபந்தனை. கையிலிருக்கும் போனின் வரைபடத்தில் நாம் நோக்கும் திசையை ஒரு சிறு அம்பு சரியாகக் காட்டுகிறதே, இப்படிப்பட்ட ஏற்பாடுகளின் பலன் அது.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஈர்க்குக் கதையைச் சொன்னேன், கோலத்தைச் சொன்னேன். அடுத்த கணக்கு டேன் −5/12, நான்காம் கால்பகுதி. நோட்டில் முதலில் வலப்பக்கம் பன்னிரண்டு நடந்தாள், கீழே ஐந்து இறங்கினாள், பதின்மூன்று என்று எழுதிவிட்டுத்தான் விகிதங்களுக்குப் போனாள். குறியைப் பற்றி அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அது ஆகஸ்ட் மாதம். எங்கள் ஊர் சென்னைக்குத் தெற்கே இருப்பதால் நிழலில்லா நாள் சென்னையைவிட ஒரு வாரம் போலப் பிந்தி வரும். அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை நண்பகலுக்கு வரச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, மாடித் தளத்தில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பியை நேராக நிறுத்தினோம். நம் ஊருக்கு நண்பகல் கடிகாரத்தின் பன்னிரண்டுக்கு வராது, 12.15ஐ ஒட்டி வரும். மேகம் இரண்டு முறை மறைத்து விலகியது. 12.15க்குக் கம்பியின் அடியில் நிழல் சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிற்று. பையன்கள் கைகொட்டினார்கள். அவள் கம்பியின் அடியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எந்தப் பக்கம் சார் விழுந்துச்சு?"

நான் நேற்று பார்க்கவில்லை. அப்படியே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் மட்டும் வந்தாள். கையில் ஒரு சாக்பீஸ் துண்டு. கம்பியை இரவில் யாரும் அசைக்கவில்லை என்று குண்டு விட்டுச் சரிபார்த்தோம். தளம் காலைச் சுட்டது. 12.15க்கு நிழல் மறுபடியும் சுருங்கியது, ஆனால் முழுவதும் மறையவில்லை. கம்பியிலிருந்து வடக்கே, ஓர் அரிசியின் நீளத்துக்கு, கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் குனிந்து அதன் நுனியில் சாக்பீஸால் சின்னதாக ஒரு படுக்கைக் கோடு இழுத்தாள்.